எப்ப வந்துச்சு?

சித்தப்பா மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பழுப்பாக ஏதோ தண்ணீர். அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு அழுக்கு நிறத்தில் நுரை. நுரைக்கு நடுவே பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக என்னவோ கிடந்தது. வாளியின் உள்சுவரில் பிசின் காய்ந்ததுபோல ஒரு வளையம். கீழே எழுதியிருந்தான்: "அண்ணே, வீட்ல பீர் போட்டேன். மூணு நாளாச்சு. கெட்டுப் போச்சா? கொட்டிரவா?"

அவன் இருக்கும் நாட்டில் அது குற்றமில்லை. 1963-இலிருந்து அங்கே சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. பார்லி மால்ட் சாறும் ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் கடையிலேயே கிடைக்கும். கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் திறந்து பார்த்துப் பயந்துபோயிருக்கிறான்.

நான் பீர் காய்ச்சியவன் இல்லை. வள்ளியூரை விட்டு வெளியே போய்ப் பிழைத்தவனும் இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் என் விரல் தானாக ஒரு கேள்வியைத் தட்டியது: "இந்தப் பச்சைத் திட்டு எப்ப வந்துச்சு? மொத நாளே இருந்துச்சா, நேத்துதான் வந்துச்சா?" அனுப்பின பிறகுதான் உறைத்தது. அது எங்கள் ஆச்சியின் கேள்வி.

வள்ளியூரிலிருந்து ராதாபுரம் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு விளை இருந்தது. சொந்தம் பாதி, பாட்டம் பாதி. தாத்தா பனையேறி. மாசி, பங்குனியில் பாளை கட்டத் தொடங்கினால் ஆடிக் காற்று ஆளைத் தள்ளும்வரை தினமும் காலையும் மாலையும் ஏறுவார். காலையில் இறக்கி வரும் பதனி விடிலிக்கு வரும். விடிலி என்றால் பனையோலை வேய்ந்த சின்னக் கொட்டகை. கருப்பட்டி காய்ச்சுகிற இடம். அடுப்பும் ஆச்சியும் அதற்குள்ளேதான். பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் நானும் அங்கேதான்.

கலயத்தைக் கையில் வாங்கியதும் ஆச்சி செய்கிற முதல் வேலை, அதைக் காதருகே கொண்டுபோவது. தாலியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள். பிறகு மூக்கு. கடைசியில்தான் கண். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் கலயத்தை என் காதில் வைத்தாள். உள்ளே காய்ந்த ஓலையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். மிக மெல்லிசு. மூச்சை அடக்கினால்தான் கேட்கும். "கேக்காலே? உள்ள வேலை நடக்கு. இதைக் கருப்பட்டிக்கு எடுக்கப்பிடாது, தனியா வையி."

பனம்பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். நூற்றில் ஏறத்தாழ பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் வண்டின் காலிலும் ஒட்டியிருக்கிற ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. சொட்டத் தொடங்கின ஒன்றிரண்டு மணி நேரத்தில் புளிப்பேறத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது. சுண்ணாம்பின் காரத்தில் அந்த உயிர்கள் ஓங்க முடியாது. தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். கூடினால் பதனி கலங்கிக் கருப்பட்டி நாக்கில் உறுத்தும். எவ்வளவு தடவ வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. மழை மந்தாரமா, வெயிலா, மரம் எவ்வளவு சுரக்கும் என்பதெல்லாம் தாத்தாவின் விரலுக்குத்தான் தெரியும்.

விடிலியில் நான் முதலில் பயந்தது நுரையைப் பார்த்துத்தான். கலயத்துப் பதனியை ஆச்சி பன்னாடை வைத்து வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவாள். தேனீயும் எறும்பும் பாளைத் தூளும் பன்னாடையில் தங்கிவிடும், குடம் நிறைய நுரை பொங்கும். "ஆச்சி, கெட்டுப் போச்சு" என்று நான் கத்துவேன். அவள் குனிந்து நுரையை ஊதி ஒரு ஓரத்துக்கு ஒதுக்குவாள். "எண்ணுலே" என்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதைத் தொடுவதற்குள் குமிழெல்லாம் உடைந்து அடங்கிவிட்டால் அது ஊற்றின நுரை. தண்ணீரைத் தூக்கி ஊற்றினால் எது நுரைக்காது? ஊதி ஒதுக்கின இடத்தில் அடியிலிருந்து பொடிப்பொடியாகத் திரும்ப முளைத்து வந்து மூடினால் அது வேறு. அந்தக் குமிழ் சின்னது, உடையாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இருபது எண்ணினால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

புளித்த பதனியைத் தெரியாமல் அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பகல் முழுக்க ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுவார்கள். கொதி பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அந்த நுரை அடங்கிவிடும். நேரம் ஆக ஆக இறுகி, கூழ்ப்பதம் வந்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்க வேண்டும். அப்புறம் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. புளிப்பு ஏறின பதனியில் அந்த உருட்டுப்பதம் வராது. காய்ச்சக் காய்ச்சப் பாகாகவே இழுத்துக்கொண்டு நிற்கும், சிரட்டையைக் கவிழ்த்தால் பிசுபிசுவென்று ஒழுகும். ஈஸ்ட்டும் புளிப்பும் சேர்ந்து கரும்புச் சர்க்கரை இனத்தை உடைத்துக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரித்துவிடுகின்றன, பிரிந்தது உறையாது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் விறகும் ஒரு நாள் உழைப்பும் போச்சு, தாத்தா ராத்திரி சாப்பிடாமல் படுத்தார் என்பதுதான். காதை வைத்துக் கேட்பது வேடிக்கை இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987 ஜனவரி 1-ஆம் தேதியோடு மூடப்பட்டன. அதுவரை எங்கள் ஊரில் ஆப்ப மாவுக்கு ஒரு கரண்டி கள் ஊற்றிப் புளிக்கவைப்பது சாதாரண விஷயம். ஆச்சியே தனியாக எடுத்துவைத்த புளித்த கலயத்தை அதற்குத்தான் கொடுப்பாள். தடைக்குப் பிறகு அந்தக் கலயமே ஆபத்தான பொருளாகிவிட்டது. பதனிக்குத் தடை இல்லை. ஆனால் கலயத்துக்குள் இருப்பது பதனியா கள்ளா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஆச்சியின் காதைவிட்டு வேறு ஆள் கைக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள். எனக்குப் பத்து வயசு. காலையிலிருந்து மந்தாரம். தாத்தாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பிந்தித்தான் ஏறினார், பிந்தித்தான் இறக்கினார். ஆச்சி கடைசிக் கலயத்தை வடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சீருடையில் இருந்தார். குடத்தை எட்டிப் பார்த்தார். நுரை பொங்கி நின்றது.

"இது கள்ளு."

"ஐயா, கலயத்தத் தடவிப் பாருங்க, சுண்ணாம்பு இருக்கு. இப்பத்தான் ஊத்துனேன், ஊத்துன நுரையாக்கும். செத்த நேரம் நில்லுங்க, அடங்கிரும்."

அவர் நிற்கவில்லை. காலால் ஒரு குடத்தைச் சாய்த்தார், கூட வந்தவர் இன்னொன்றைச் சாய்த்தார். செம்மண் குடித்துவிட்டது. ஈரம் மேலே மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தாத்தா இடுப்பில் அருவாப்பெட்டியோடு, நெஞ்சில் தழும்போடு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். போகும்போது அவர்கள் எழுதிக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொண்டு போகவும் இல்லை. கவிழ்த்ததோடு சரி. சாயங்காலம்வரை அந்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

ராத்திரி ஆச்சி என்னிடம் ஒன்று சொன்னாள். இரண்டு குடத்தில் ஒன்றில் லேசாகப் புளிப்பு ஏறித்தான் இருந்ததாம். அவளுக்கு அது தெரியும். கருப்பட்டிக்கு ஆகாது, ஆனால் கள்ளும் ஆகவில்லை, மாட்டுக்கு வைத்திருக்கலாம். மற்றக் குடம் பால் மாதிரி நல்ல பதனி. "ரெண்டுலயும் நுரை இருந்துச்சு. அவரு எப்ப வந்துச்சுன்னு கேக்கவேயில்லியே மக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குப் புரியாத ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அந்த இரண்டாவது குடம் ஆறவில்லை.

வீட்டுச் சமையலறையிலும் அவளுக்கு இதே வழக்கம்தான். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாக ஆடை படிந்திருக்கும். அம்மை "பூத்துப் போச்சு அத்தை" என்று ஜாடியைத் தூக்குவாள். ஆச்சி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். ஆடை தண்ணீரோடு தண்ணீராகத் தட்டையாகக் கிடந்தால், எத்தனை நாளாச்சு என்று கேட்டுவிட்டு, வழித்தெறிந்து, உப்புப் போட்டு வெயிலில் வைக்கச் சொல்வாள். பஞ்சு மாதிரி மயிர் எழும்பி நீலமோ கறுப்போ பிடித்திருந்தால் ஒரு பேச்சுக் கிடையாது, ஜாடியோடு வெளியே. இட்லி மாவு மேலே காய்ந்து சாம்பல் பூத்தால் அது காற்றுப் பட்டது, கலக்கினால் போகும். ரோஸ் நிறம் கண்டால் நாய்க்குக்கூட வைக்கமாட்டாள். பழைய சோறு புளித்தால் மோரும் சின்ன உள்ளியும் சேர்த்துக் குடிக்கலாம். கையில் அள்ளும்போது நூல் விட்டால் அது முடிந்தது.

நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போனேன், தாவரவியல். ஒரு நாள் ஊரிலிருந்து திரும்பும்போது சின்ன பாட்டிலில் கொஞ்சம் புளித்த பதனியை ஒளித்துக் கொண்டுபோய், ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். கண்ணை வைத்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் இமைமயிர்தான் தெரிந்தது. திருகைத் திருப்பத் திருப்ப, முட்டை முட்டையாக உருண்டைகள். ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு குட்டி முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இடையிடையே மெல்லிய குச்சிகள். ஆச்சி காதால் கேட்ட ஆட்கள் இவர்கள்தான் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாஸ்டர் இதைத்தான் பார்த்தார். பிரான்சில் லீல் நகரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தபோது, 1856-இல், பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கிற ஆலைக்காரர் ஒருவர் அவரிடம் வந்தார். சில தொட்டியில் சாராயம் வருகிறது, சிலதில் புளித்துப்போகிறது, ஏன் என்று கேட்டார். நல்ல தொட்டியின் சொட்டில் உருண்டைகள், கெட்ட தொட்டியின் சொட்டில் குச்சிகள். ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தாமல் அந்த ஆலைக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சொட்டு எடுத்திருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். 1871-இல் லண்டனில் விட்பிரெட் என்ற பெரிய பீர் ஆலைக்குப் போய் அவர்களுடைய ஈஸ்ட்டைப் பார்த்து, உங்கள் பீரில் குறை இருக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னார். அவர்களும் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டு, சீக்கிரமே ஒரு நுண்ணோக்கி வாங்கினார்கள். பீரைப் பற்றிய அவருடைய புத்தகம் 1876-இல் வந்தது.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு பீர். ஈஸ்ட் சேர்க்கவே மாட்டார்கள். காய்ச்சிய சாற்றை ராத்திரி முழுக்கத் திறந்த தொட்டியில் ஆறவைத்தால், காற்றில் வருவது வந்து விழும். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருஷம். மேலே ஆடை படியும். நடுவில் சில மாதம் எங்கள் பழைய சோறு மாதிரி நூல்கூட விடும். அங்கே அதைக் கொட்டுவதில்லை. இன்னொரு வகை ஈஸ்ட் மெதுவாகத் தலையெடுத்து அந்த வழவழப்பைத் தின்று தீர்க்கும்வரை காத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. நூல் விட்டதும் திரும்பி வரும் என்றால் அவள் நம்பியிருக்க மாட்டாள். எத்தனை நாளில் என்று மட்டும் கேட்டிருப்பாள்.

லீட்ஸ்காரனிடமிருந்து பதில் வந்தது. பச்சைத் திட்டு இரண்டாம் நாளே நுரையோடு எழும்பினதாம். அப்போதே எனக்குப் பாதி தெளிந்துவிட்டது. கொதியில் போட்ட ஹாப்ஸ் பூவின் தூளும் பிசினும் நுரை ஏறும்போது கூடவே ஏறிவரும். சுவரில் அந்த வளையமாக ஒட்டிக்கொள்வதும் அதுதான். ஒரு நாளில் எழும்பி, வாரம் பத்து நாளில் தானாக இறங்கிவிட வேண்டிய நுரை அது. பூசணம் இரண்டாம் நாளில், அதுவும் பொங்கிக்கொண்டிருக்கிற நுரைக்கு நடுவில், அவ்வளவு சீக்கிரம் குடியேறாது. "மயிர் மாதிரி எழும்பியிருக்கா? தொட்டா ஒலந்திருக்கா?" என்று கேட்டேன். ஈரமாகத்தான் இருக்கிறது என்றான். வாசனை? கனிந்த வாழைப்பழம் மாதிரி என்றான். ஈஸ்ட் சூட்டில் வேலை செய்தால் அந்த மணம் வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் சில நாளில் போய்விடும். நகப்பாலிஷ் வாசனையோ காடி வாசனையோ நாளுக்கு நாள் ஏறினால் மட்டும் சொல் என்றேன். நுரை இறங்கின பிறகு மேலே தோல் சுருங்கின மாதிரி வெள்ளை ஆடை படிந்தால் அதையும் சொல். அதுவரை மூடியைத் திறக்காதே. நீ பார்க்கத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போகிறது.

"விஷமாயிருமாண்ணே?" என்று கேட்டான். அவன் எதை நினைத்துக் கேட்கிறான் என்று தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது மெத்தனால். தொழிற்சாலைக்கென்று செய்த சரக்கைச் சாராயத்தில் கலந்தது. அதைக் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. காதை வைத்துக் கேட்ட ஆச்சியாலும் முடிந்திருக்காது. உன் வாளியில் அது வர வழியில்லை, பார்லியும் ஈஸ்ட்டும் அந்த அளவுக்கு அதை உண்டாக்காது, கெட்டால் புளிக்கும், அவ்வளவுதான் என்று எழுதினேன். எழுதும்போது, விடிலியில் குடத்தைக் கவிழ்த்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

ஐந்தாம் நாள் நுரை இறங்கிவிட்டது என்று சொன்னான். மேலே வெளிர்நிறத்தில் கட்டி கட்டியாக மிதக்கிறதே என்றான். எப்ப வந்துச்சு? நுரை இறங்கின பிறகு. அது ஈஸ்ட் கூட்டம், அதுவும் அடியில் போய் மண்டியாகப் படியும். மூடியைத் திறந்தாயா? இல்லை, ஓரத்து வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன் என்றான். நல்ல பிள்ளை.

இதற்கு நடுவில், நான்காம் நாள் ராத்திரி, நான் அவனிடம் ஒன்று கேட்டிருந்தேன். வாளியின் வெளிச்சுவரில் போனை ஒட்டவைத்து ஒரு நிமிஷம் பதிவு பண்ணி அனுப்பு என்று. அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, ஆனாலும் அனுப்பினான். மறுநாள் காலையில் அதைத் திறந்தேன். முதலில் ஹீட்டர் சத்தம், தெருவில் ஒரு வண்டி. அப்புறம் அது. ஓலையில் தூறல்.

அம்மைக்கு இப்போது எழுபத்தெட்டு வயசு. காலையில் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காது முன்போல இல்லை. ஒன்றும் சொல்லாமல் போனை அவள் காதோடு வைத்துப் பிடித்தேன். கீரையை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"இது யாரு எறக்குனது?" என்றாள். "சுண்ணாம்பு போடாத கலயம்லா இது."